நாலு மணித் தண்ணீர்

செத்தவரின் பெயர் மேலேயே தண்ணீர் விழுந்தது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்றால்கூடப் பரவாயில்லை. யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு குவளையைச் சாய்த்த மாதிரி சளசளவென்று விழுந்தது. தாளில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் பெயர் மை கரைந்து ஓடியது. அராபா குவான்சாவின் தலைத்துணி நனைந்து, காதோரமாக வழிந்து, கழுத்துக்குள் இறங்கியது. வேறு யாராயிருந்தாலும் அலறிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அராபா அசையவில்லை. சாவு அறிவிப்பை ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. செகொண்டி ஊரில் மட்டுமல்ல, அந்தக் கடற்கரை முழுக்க அதுதான் வழக்கம். பாதியில் நிறுத்திய அறிவிப்பு நிறுத்தியவர் வீட்டுச் சாவில் போய் முடியும் என்பார்கள். அதனால் அவள் கரைந்த எழுத்துகளை ஊகித்துக்கொண்டு, தபால்காரரின் பிள்ளைகள் அத்தனை பேரையும், அவரவர் வேலையையும் ஊரையும் சேர்த்து, குரல் நடுங்காமல் வாசித்து முடித்தாள். முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். கூரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த எபோ ஆர்க்காவைப் பார்த்தாள்.

எபோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவி," என்றாள் அராபா, மைக்கை அணைத்துவிட்டு.

மலை உச்சியில் இருப்பதால் அதற்கு மலை ரேடியோ என்று பெயர். அங்கே நாலு மணி என்றால் அராபாவின் மணி. மீன் வலை பின்னுகிறவர்கள், கென்கே உருண்டைக்குச் சோள மாவு பிசைகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், யாராயிருந்தாலும் நாலு மணிக்கு ஒரு காதை அவளிடம் கொடுத்துவிடுவார்கள். யார் போனார், எந்தக் குலம், சனிக்கிழமை எங்கே அடக்கம், கறுப்பு உடுப்பதா சிவப்பா, எல்லாம் அவள் வாயால்தான் வரவேண்டும். மூத்த மகன் லண்டனில் இருக்கிறான் என்பதை அவள் எப்படி நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள் தெரியுமா? அதைக் கேட்பதற்காகவே சாகலாம் என்று மார்க்கெட்டில் கிண்டல் பேசுவார்கள். அவள் கணவன் மீன்பிடிப் படகோடு அபிஜானுக்குப் போனவன், போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. அந்த நாற்காலியும் அந்தக் குரலும் போனால் அவள் வெறும் அராபா. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

மழை பிடித்த மே மாதத்திலிருந்துதான் இந்தக் கூத்து. இவள் உட்கார்ந்து இரண்டு வரி வாசிப்பதற்குள் கூரையிலிருந்து தண்ணீர். தினமும் இல்லை, ஆனால் வாரத்தில் பாதி நாள். முதலில் மழை ஒழுகுகிறது என்றார்கள். கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள், ஓட்டை கிடையாது. வெயில் அடிக்கிற நாளிலும் விழுந்தது. இரவு பகலாக மற்ற எந்த நிகழ்ச்சியிலும் விழவில்லை. இவளுக்கு மட்டும் விழுந்தது.

மேனேஜர் எஷுன் அன்று மாலையே கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் போன் மணி அடித்தாலே பயப்படுகிறவர்.

"அராபா, நேயர்கள் போன் பண்றாங்கம்மா. செத்தவங்க உன் நிகழ்ச்சியில வந்து அழறாங்களாம். அந்தத் தண்ணி சத்தம் ரேடியோவுல கேக்குதாம். ரெண்டு குடும்பம் வந்து அறிவிப்பைத் திரும்ப வாங்கிட்டு, கீழ இருக்கற ரேடியோவுக்குப் போயிட்டாங்க."

"செத்தவங்க அழறாங்களா? சார், செத்தவங்களுக்கு வேற வேலை இல்லையா? இது உயிரோட இருக்கறவன் செய்யற வேலை."

"எவன் செஞ்சா என்ன? இன்னொரு தடவை விழுந்தா நாலு மணியை வேற யாருக்காவது குடுத்துடுவேன். என்னைக் குத்தம் சொல்லாத."

வேறு யாருக்கு? அந்தக் கேள்விக்கு அராபாவிடம் பதில் தயாராக இருந்தது. எபோவின் மனைவிக்கு எஃபுவா என்று ஒரு தங்கை. தேவாலயத்தில் வேதம் வாசிக்கிறவள். ஈஸ்டர் முடிந்த கையோடு எபோ வந்து, "சிஸ்டர், எஃபுவா வாசிச்சா அப்படியே உங்களை மாதிரியே இருக்கு," என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான். அப்போது அராபாவும் சிரித்தாள். இப்போது அந்தப் பல்தான் கண்ணுக்குள் நின்றது.

எபோ இரண்டிலிருந்து நாலு வரை பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவன். பேச்சா அது? கத்தல். ஏசியை மீன் கிடங்கு மாதிரி வைத்துக்கொண்டு, அதிலும் வேர்த்துக்கொண்டு கத்துவான். இயந்திரங்கள் சூடாகக் கூடாதென்று அந்த ஏசி ராத்திரியிலும் ஓடும். அதை நிறுத்துவது அராபாவின் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான். அதன் உறுமல் மைக்கில் ஏறும். பந்துக்காரனுக்கு அது பொருட்டில்லை, சாவு வாசிக்கிறவளுக்கு ஆகாது. சாவு வாசிப்பில் பாதி மௌனம்தான். போதாக்குறைக்குக் குளிர் பட்டால் அவள் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏசியை நிறுத்துவாள், பிறகு தாளைப் பிரிப்பாள்.

முன்பெல்லாம் எபோ தன் வேலை முடிந்ததும் படியிறங்கி ஓடிவிடுவான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து போவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். அவளைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான், கையைப் பிசைவான். அவள் வெளியே வந்தால், "சிஸ்டர்..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல, இன்னைக்கு நனையலையே?" என்று கேட்டுவிட்டு நழுவுவான். திருட்டு முழி. இரண்டு பேருமே செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள், பிறந்த கிழமையையே பெயராக வைக்கிற ஊரில் அராபா, எபோ என்று அந்தக் கிழமையின் பெயரைச் சுமக்கிறவர்கள் என்று ஒரு காலத்தில் கேலி பேசிச் சிரித்துக்கொள்வார்கள். இப்போது அவளுக்கு அந்தக் கிழமையே கசந்தது.

ஏசிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். வீட்டுச் சுவர்களில் மாட்டும் ஏசிகளைப் பார்த்துப் பழகியவர்; இதுவோ கூரைப் பலகைக்கு மேலே, அராபாவின் நாற்காலிக்கு நேராக இருந்தது. நனையாமல் வேலை பார்க்க வேண்டுமே என்று முதலில் ஏசியை நிறுத்தினார். ஏணி போட்டுக் கூரைப் பலகையை விலக்கினார். ஏசியின் வியர்வைத் தண்ணீர் சேர்கிற தட்டைத் துடைத்தார். பாக்கெட் தண்ணீரைக் கடித்துக் கிழித்துத் தட்டில் ஊற்றினார். அது குடுகுடுவென்று குழாயில் ஓடி, பின்சுவருக்கு வெளியே பப்பாளி மரத்தடியில் போய் விழுந்தது.

"மேடம், உங்க குழாய் என் தொண்டையை விட சுத்தமா இருக்கு. அடைப்பே இல்ல."

"அடைப்பு எப்படி இருக்கும்? அதை நேராக்கினதே நான்தான்," என்றாள் அராபா பெருமையாக.

உண்மைதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளை மலேரியா போட்டுப் புரட்டி எடுத்தது. எழுந்து வந்த பிறகு கொசு எங்கே பிறக்கிறது என்று நிலையத்தையே சல்லடை போட்டுத் தேடினாள். பின்சுவருக்கு வெளியே ஏசிக் குழாய் கீழே இறங்கி, பன்றிவால் மாதிரி வளைந்து, மறுபடி மேலே ஏறி முடிந்தது. அந்த வளைவுக்குள் எப்போதும் தண்ணீர் நின்றது. விளக்கை அடித்துப் பார்த்தால் அதில் புழு நெளிந்தது. எந்த மடையன் குழாயை வளைத்து வைத்தான், தண்ணீர் போகத்தானே குழாய், நிற்பதற்கா என்று திட்டிவிட்டு, காவலாளி இசாக்காவைக் கூப்பிட்டு வளைவை அறுத்தெறியச் சொன்னாள். அவன் அறுத்து, நேர்க்குழாய் ஒன்றைச் செருகிவிட்டான். அது வறட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஜனவரி. ஏசியில் தண்ணீரே அதிகம் ஊறாத காலம். கொசுவும் குறைந்தது. ஊருக்கே நன்மை செய்துவிட்ட மாதிரி அவள் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க மேடம்," என்று ஏசிக்காரரும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏசியில் கோளாறு இல்லை, கூரையில் ஓட்டை இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது மனிதன்தான். அராபா அன்றிலிருந்து கண்ணை நாலு பக்கமும் மேயவிட்டாள்.

மாட்டினான். ஒரு வியாழக்கிழமை, கீழே மருந்துக்கடைக்கு வந்தவள் வெயிலுக்குப் பயந்து நேரத்தோடு மேலே ஏறிவிட்டாள். மதியச் செய்திகள் பக்கத்து அறையிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் ஸ்டூடியோ காலி. அதன் கதவைத் திறந்துகொண்டு எபோ வெளியே வந்தான். தோளில் ஏணி. சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"ஏய், என்ன இது?"

எபோ திடுக்கிட்டான். "சிஸ்டர்... சீக்கிரம் வந்துட்டீங்க?"

"ஏன், வரக்கூடாதா? ஏணி எதுக்கு?"

"பல்பு," என்றான் எபோ. அவன் கையில் பல்பு இல்லை.

அராபா நாலு மணிக்கு உட்கார்ந்தாள், ஏசியை நிறுத்தினாள், வாசித்தாள். அன்று ஒரு சொட்டு விழவில்லை. பயந்துவிட்டான், பார்த்துவிட்டேன் என்று தெரிந்து கையைக் கட்டிக்கொண்டான் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. முடித்ததும் நேராக எஷுனின் அறைக்குப் போனாள்.

எஷுன் தாமே ஏணியில் ஏறினார். பலகையை விலக்கிக் கையை உள்ளே விட்டார். எடுத்தபோது கையில் ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் கிண்ணம். விளிம்பு வரை தண்ணீர். இறங்கும்போது பாதி அவருடைய காலணிக்குள் போயிற்று.

"பாத்தீங்களா சார்? நிரப்பி வெச்சிருக்கான்! நான் பாக்காம இருந்திருந்தா இது என் தலையிலதான் கவுந்திருக்கும்!"

எபோ ஓடி வந்தான். "சார், அது விழற தண்ணியைப் பிடிக்கறதுக்கு வெச்சது. மத்தியானம் காலிக் கிண்ணமாத்தான் வெச்சேன்."

"காலியா வெச்சவன் கை எப்படிய்யா நனைஞ்சுது?"

"தட்டு நிறைய தண்ணி நிக்குது சார். கிண்ணத்தை அடியில தள்ளும்போது கை பட்டுது."

"தட்டுல தண்ணி நிக்கலன்னு ஏசிக்காரர் என் கண்ணு முன்னாடி ஊத்திக் காட்டினாரே!" அராபாவின் குரல் உச்சிக்குப் போயிற்று. "சரி, உன்னை யார் கிண்ணம் வெக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க நனையறீங்களேன்னு..."

"ஆகா! என் மேல அவ்வளவு பாசம்! அப்ப பல்புன்னு ஏன் பொய் சொன்ன? தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு மேலயும் கீழயும் பாக்கறியே, அங்க என்ன வேலை உனக்கு? சார் முன்னாடி சொல்லு. இப்பவே சொல்லு."

எபோ வாயைத் திறந்தான். "அதை... அதை இங்க சொல்ல முடியாது சிஸ்டர்."

அதோடு அவன் கதை முடிந்தது. சொல்ல முடியாத காரணத்தோடு ஒருவன் கூரையில் தண்ணீர் வைத்தால் எந்த மேனேஜர் பொறுப்பார்? நாளையிலிருந்து வரவேண்டாம் என்று எஷுன் சொல்லிவிட்டார். எபோ தன் பந்துப் படம் போட்ட குவளையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அவன் முதுகைப் பார்த்தபோது அராபாவுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவேண்டும். வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் சந்தேகம் ஒரு தடவை குடியேறிவிட்டால் லேசில் காலி பண்ணுமா? போனவன் சும்மா இருப்பானா, எஃபுவாவையோ வேறு எவனையோ ஏவிவிட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் புரண்டாள். மறுநாள் பிற்பகல், எபோவின் நேரத்தில் வெறும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவில் ஆள் கிடையாது. அராபா யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய், பப்பாளி மரத்தடியில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். பின்சுவரில் ஏறி எவனாவது கூரைக்குள் நுழைந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பொழுது போக வேண்டுமே என்று வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஒருவரும் வரவில்லை. கடலையைக் கசக்கித் தோலை ஊதினாள். தோல் காற்றில் பறந்தது. பறந்தது சரி, ஆனால் கீழே விழவில்லை. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏசிக் குழாயின் வாய்க்குள் போயிற்று.

அராபா இன்னொரு பிடி ஊதினாள். அதுவும் போயிற்று. சிவப்புத் தோல்கள் வரிசை கட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி, உள்ளே ஓடின. காலிப் பொட்டலத்தை வாய்க்கு நேரே பிடித்தாள். சப்பென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தாள். விழவில்லை. குழாய் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, மரத்தடி மண் காய்ந்து கிடந்தது. உள்ளே ஏசி முழு மூச்சில் ஓடுகிறது, காற்றில் ஈரம் பிழிகிறது, குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அந்த வளைவு இருந்த காலத்தில் பகலெல்லாம் சொட்டிச் சொட்டி இந்த இடம் சேறாகக் கிடக்கும். இடுப்பில் சுற்றிய துணியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

பல வாரமாகப் போகாத கரண்ட் அந்த நேரம் பார்த்துப் போயிற்று. உள்ளே ஏசியின் உறுமல் நின்றது. பொட்டலம் பொத்தென்று விழுந்தது. குழாய் ஒரு தடவை இருமியது. அடுத்த கணம் குபுகுபுவென்று தண்ணீர் கொட்டி அவள் காலை நனைத்தது. அதே நேரம் சுவருக்கு உள்ளே இருந்தும் சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம்.

அவள் மடச்சி இல்லை. வளைவில் நின்ற தண்ணீர்தான் காற்றுக்குப் போட்ட தாழ்ப்பாள். தாழ்ப்பாளை அறுத்தது அவள். அன்றிலிருந்து ஏசி ஓடுகிற வரை குழாய் வழியாகக் காற்று உள்ளே பாய்ந்து, தண்ணீரை வெளியே விடாமல் தட்டிலேயே நிறுத்திவைத்தது. ஈரம் மிகுந்த நாளில் தட்டு விளிம்பு வரை நிறையும். ஏசியை நிறுத்துகிற அந்தக் கணத்தில் அத்தனையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு, பாதி குழாயிலும் பாதி தட்டின் விளிம்பைத் தாண்டியும் போயிற்று. நிறுத்துகிறவள் யார்? அவள்தான். நிறுத்திவிட்டு அதற்கு நேர்கீழே உட்கார்ந்துகொள்பவளும் அவள்தான். ஏசிக்காரர் ஏசியை நிறுத்திவிட்டு ஊற்றினால் ஏன் ஓடாது?

அராபா ஓடினாள். ஜெனரேட்டர் இன்னும் இரைய ஆரம்பிக்கவில்லை. இருட்டு ஸ்டூடியோவில் அவள் நாற்காலி நனைந்திருந்தது, மேஜை விளிம்பு நனைந்திருந்தது. எபோ இல்லாத ஸ்டூடியோ. கிண்ணம் இல்லாத கூரை. எஷுன் வந்து இதை ஒரு தடவை பார்த்தால் போதும், எபோ நிரபராதி. ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் என்று அவர் சொல்லியிருந்தாரே? காரணம் நீதானா என்று கேட்டால்? வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அராபா தன் தோள் துணியை உருவி நாற்காலியைத் துடைத்தாள், மேஜையைத் துடைத்தாள், தரையைக் காலால் துடைத்தாள். ஈரத்துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

"இருட்டுல என்னம்மா பண்ற?" எஷுன் கதவில் நின்றார்.

"தாளைத் தேடறேன் சார்."

அன்று அவள் ஏசியை நிறுத்தவில்லை. குளிரில் பல் கிட்டிக்கொள்ள, உறுமலுக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்து முடித்தாள். தண்ணீர் விழவில்லை. எஷுன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். "பாத்தியா? அவன் போனான், தண்ணியும் போச்சு," என்றார்.

மறுநாள் இசாக்காவைப் பிடித்தாள். அவன் எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை. அறுத்த வளைவை ஜெனரேட்டர் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

"திரும்ப மாட்டு. மாட்டிட்டு அதுல தண்ணி ஊத்து."

"மேடம் கொசுன்னு சொன்னீங்களே?"

"வலை கட்டிக்கலாம். நீ மாட்டு."

இசாக்கா மாட்டினான். பாக்கெட் தண்ணீரை ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் வளைவின் நுனியிலிருந்து டொக் டொக்கென்று சொட்ட ஆரம்பித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எபோ மாஸ்டர்தான் பாவம்," என்றான்.

"எதுக்குச் சொல்ற அதை?"

"சும்மாதான் மேடம்."

சும்மாவா? அதற்குப் பிறகு அராபாவுக்கு எவர் பேச்சும் சும்மாவாகப் படவில்லை. இசாக்கா வணக்கம் சொன்னால் அதில் ஒரு குத்தல். எஷுன் சிரித்தால் அதற்குப் பின்னால் ஒரு விசாரணை. டீக்கடையில் இரண்டு பேர் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினால் குழாயைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். அதுவரை எல்லாரையும் சந்தேகப்பட்டவள் இப்போது எல்லாரும் தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். நாற்காலி காய்ந்திருந்தது. குடும்பங்கள் அறிவிப்புகளோடு திரும்பி வந்தார்கள். அவளுக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஈரமாகவே பட்டது. பையில் சுருட்டி வைத்த துணியை அவள் துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. வெட்கக்கேடு, தொடவே கூசியது.

ஆகஸ்டில் ஒருநாள் மூன்றரை மணிக்கு எபோ வந்தான். கறுப்புச் சட்டை. முகம் வற்றிப்போயிருந்தது. அராபா வாசல் அறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று எழுந்து நின்றாள்.

"உக்காருங்க சிஸ்டர்." அவன் ஒரு தாளை நீட்டினான். "அம்மா போயிட்டா."

"ஐயோ. எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. வாசிக்கணும். நீங்கதான் வாசிக்கணும்."

"நானா?"

"அவ கேட்டுக்கிட்டா. உங்க குரலைக் கேக்காம சாயந்தரம் கஞ்சி குடிக்க மாட்டா. மே மாசம் படுக்கையில விழுந்ததுமே, 'என்னோடதை அந்தப் பொண்ணுதான் வாசிக்கணும், போய் சொல்லி வை'ன்னா. எப்படிச் சொல்றது? உயிரோட மூச்சு விட்டுட்டு இருக்கறவளோட சாவை வாய் தொறந்து கேட்டா, நானே கூப்பிட்டு விட்ட மாதிரி ஆகாதா? தினமும் வந்து கண்ணாடிகிட்ட நிப்பேன். இன்னைக்குக் கேட்டுடலாம்னு நினைப்பேன். நாக்கு எழாது. மேல பாத்துட்டுப் போயிடுவேன். அன்னைக்கு சார் முன்னாடியும் அதான் சொல்ல முடியல."

அராபா உட்கார்ந்தாள். தாளைப் பார்த்தாள். அழகான கையெழுத்து. ன்சோனா குலத்தார் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது. கொடோகொராபா சந்தையில் துணிக்கடை வைத்திருந்த மாமே அபா யாவ்சன். பிள்ளைகள்: கோஜோ ஆர்க்கா, இத்தாலி. மான்சா ஆர்க்கா, தர்க்வாவில் ஆசிரியை. எபோ ஆர்க்கா. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"இங்க என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்தவனும் கேட்டான், உனக்கு என்ன போடறதுன்னு. ஒண்ணும் போடாதன்னு சொல்லிட்டேன்." எபோ வாசல் பெஞ்சில், ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நல்லா வாசிங்க சிஸ்டர்."

நாலு மணி. அராபா உட்கார்ந்தாள். ஏசியை நிறுத்தினாள். பழக்கதோஷம், மேலே பார்த்தாள், பலகை காய்ந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஷுன் எதையோ சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். குலத்தைச் சொன்னாள். மாமே அபாவின் பெயரைச் சொன்னாள். சந்தைப் பெண்களுக்கு அவர் முகம் சுளிக்காமல் கடனுக்குத் துணி அளந்ததைச் சொன்னாள். கோஜோவுக்கு இத்தாலியைக் கொடுத்தாள், மான்சாவுக்குத் தர்க்வாவைக் கொடுத்தாள்.

பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் உறுமல் இல்லை, சொட்டு இல்லை. கடற்கரை முழுக்கக் காத்திருந்தது.

"எபோ ஆர்க்கா," என்றாள். "மலை ரேடியோ."

எஷுன் மெல்லுவதை நிறுத்தினார்.

"நேயர்களே, இந்த மகன் மலை ரேடியோக்காரன்தான். என் தலையில தண்ணி ஊத்தினான்னு சொல்லி அவனை அனுப்பிட்டாங்க. சொன்னது நான். அவன் ஊத்தல. கொசுவுக்குப் பயந்து ஏசிக் குழாயோட வளைவை அறுக்கச் சொன்னவ நான். தண்ணி அதனாலதான் விழுந்துது. அவன் நான் நனையக் கூடாதுன்னு கிண்ணம் வெச்சான். அவன் போன மறுநாளும் தண்ணி விழுந்துது. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி என் துணியால துடைச்சு மறைச்சுட்டேன். அந்தத் துணி இன்னும் என் பையில இருக்கு."

எஷுன் கண்ணாடியைத் தட்டினார். கையை வீசினார். பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது. மாமே அபாவின் அறிவிப்பு இன்னும் முடியவில்லை. நடுவில் அறுத்தால் சாவு வந்து முடிய அவருக்கும் வீடு இருந்தது, வீட்டில் வயதான அப்பா இருந்தார்.

அராபா அவருக்காக அவசரப்படவில்லை. பேரப்பிள்ளைகளை வாசித்தாள், மருமகள்களை வாசித்தாள். சனிக்கிழமை அடக்கம், கறுப்பும் சிவப்பும் உடுத்தி வரவும். கடைசியில் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "வாசித்தது அராபா குவான்சா." நாளைக்கு அதைச் சொல்லப்போவது அவளில்லை என்று தெரிந்தே, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொன்னாள். பிறகு எழுந்து ஏசியைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்து எஷுன் கத்துவதைக் காதில் வாங்காமல், வாசலுக்கு வந்தாள்.

எபோ பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நின்றாள்.

"எங்கம்மா சாவுல வந்து உங்க கதையைச் சொருகிட்டீங்களே சிஸ்டர்," என்றான் எபோ, நிமிராமல்.

"வேற எங்க சொன்னாலும் நடுவுல நிறுத்தியிருப்பாங்க."

அவன் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான்.

"அம்மா இருந்திருந்தா இன்னைக்குக் கஞ்சியை அப்படியே ஆறவிட்டுட்டுக் கேட்டிருப்பா," என்றான்.